உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

ஆண்டியப்பன் இறந்த மறுநாள், டிக்கோயாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இளைஞர் மன்றத்தார் ஒரு பதாகை கட்டினார்கள். ‘அணுவைப் பிளந்த மலையக மைந்தனுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று அதில் இருந்தது. படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. அவருடைய தோளில் யாருடையதோ கை ஒன்று வெட்டுப்படாமல் தங்கியிருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி அணுகுண்டுப் புகை. கீழே மன்றத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இறந்தவரைவிடச் சற்றுப் பெரிதாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்கமாட்டார். ஏணி ஒன்றும் கொஞ்சம் கறுப்பு மையும் கேட்டிருப்பார். பிழையான ஒன்று எழுத்தில் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நாற்பத்தாறு வருடத்தில் அவர் பிளந்தது விறகு மட்டும்தான்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பத்து அறைகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவர். உயர்தரத்தில் கணிதம் படித்தார், பிறகு தொழினுட்பக் கல்லூரி, பிறகு கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பௌதிகவியல் பகுதியில் ‘தற்காலிகத் தொழினுட்ப உதவியாளர்’ என்ற வேலை. தற்காலிகம் என்றால் ஆறு மாதம். ஆறு மாதம் முடியும்போது, ‘மேலும் ஆறு மாதங்களுக்கு நீடிக்கப்படுகிறது’ என்று ஒரு கடிதம் வரும். அதன் பிரதியில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படிப் பதினொரு வருடம். கடிதங்களை எல்லாம் அவருடைய மனைவி ஜீவராணி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்யாண அல்பத்துக்குப் பதிலாக அதைத்தான் காட்டுவாள்.

வார நாட்களில் கண்டியில் ஒரு வாடகை அறை. சனி ஞாயிறு வீடு. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: அந்தக் கடிதத்தில் ‘ஆறு மாதம்’ என்ற சொல் இல்லாத ஒரு தாள். நிரந்தர நியமனம். அது கிடைத்தால் ஜீவராணியைக் கண்டிக்கு அழைத்துப்போய்விடலாம்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து ஒரு குழாய்த் துண்டு வந்தது. ஒரு முழ நீளம், பதினான்கு கிலோ, கண்ணாடி போலப் பளபளப்பு. துகள்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்டத் துரத்துகிற பெரிய இயந்திரமொன்றில் பொருத்தப் போகிற துண்டு. அதைப் பல நாடுகளுக்கு அனுப்பி அளந்து, அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவர்களுடைய வழக்கம். துண்டுடன் ஒரு தாளும் வந்தது. பக்கவாட்டு மூடியைத் திறக்கவே கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

குழாய் வந்த வாரம் ஆய்வுகூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. கூரையைப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். குழு வந்து அண்ணாந்து பார்த்தது. மழை பெய்யும்போது ஒழுகுகிறது என்று அறிக்கை கொடுத்தது. பழுது பார்க்க மூன்று மாதமாகும். அளவை அனுப்பவோ ஐந்து வாரம்தான் இருந்தது. பேராசிரியர் ஹேரத் கைவிரித்தபோது, ஆண்டியப்பன்தான் சிங்களத்தில் மெல்லச் சொன்னார்: எங்கள் தோட்டத்தில் மூடிக் கிடக்கிற தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது சேர், கூரை ஒழுகாது, ஈ காக்கை வராது, காவலுக்கு என் மச்சான் இருக்கிறார்.

தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோர் ஓடி ஒன்பது வருடம். ஜீவராணியின் அண்ணன் செல்லசாமி அங்கே ஃபிட்டராக இருந்தவர். ஸ்டோரை மூடியபோது அவரையே வாச்சராக்கி விட்டுவிட்டார்கள். ஓடாத இயந்திரங்களுக்கு அவர் வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், “திடீர்னு தொறந்தா என்ன செய்யிறது?” என்பார்.

வேனில் வந்து இறங்கிய குழாயை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதென்ன மாப்ள, நம்ம ட்ரையர் பொகக்கொழாய்ல வெட்டி எடுத்தாப்புல இருக்கு. இதுக்கா பிளேன் டிக்கட்டு?”

“மச்சான், நம்ம கோயில் வளைவுல ரோட்டுல ஒரு பள்ளம் இருக்குல்ல?”

“அது எங்கப்பா காலத்துலயிருந்து இருக்கே.”

“மழ நாள்ல பஸ் அதுல எறங்குனா?”

“பின்னால நடந்து வாறவன் மூஞ்சியில சேத்துத் தண்ணி அடிக்கும். எனக்கே எத்தன தடவ அடிச்சிருக்கு.”

“அதேதான். மின்சாரத் துகள் கூட்டங்கூட்டமா இந்தக் கொழாய்க்குள்ள ஓடும். உள்ள வழுவழுன்னு இருந்தா ஒண்ணுமில்ல. இந்தா, பக்கத்துல மூடி போட்ட ஒரு வாய் இருக்கு பாருங்க, உள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குறதுக்கு. அதான் பள்ளம். முன்னால போற கூட்டம் அதுல ஒரு அலைய எழுப்பி விட்டுட்டுப் போயிரும். பின்னால வாற கூட்டத்துக்கு அந்த அடி விழும். அத ‘கற்றைத் தடங்கல்’னு சொல்லுவாங்க. எவ்வளவு அடிக்குதுன்னு அளக்குறதுதான் என் வேல.”

“சரி, பஸ் எங்க?”

“பஸ் இங்க இல்ல. அது வெளிநாட்டுல. பஸ்ஸுக்குப் பதிலா கொழாய்க்கு நடுவுல தலமயிர் மாதிரி ஒரு கம்பி கட்டுவேன். இந்தப் பக்கத்தால சிக்னல் அனுப்பி, அந்தப் பக்கம் எவ்வளவு வருதுன்னு இந்த அளக்குற பெட்டியில பாப்பேன். கொறஞ்ச அளவு எதுவோ, அதுலயிருந்து தடங்கலக் கணக்குப் போட்டுறலாம்.”

செல்லசாமி கொஞ்சம் யோசித்தார். “இல்லாத பஸ்ஸு தெறிக்கிற தண்ணிய அளக்குற வேல. அதுக்கு இல்லாத நெரந்தரம். சரியாத்தான் பொருத்தியிருக்கானுங்க மாப்ள.”

கம்பியை நடுவில் கட்டுவதுதான் கஷ்டம். ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் சரிந்தாலும் அளவு பிழைக்கும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் தொங்கும். ஆண்டியப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு கட்டுவார். செல்லசாமியும் ஒரு மரியாதைக்காக மூச்சை அடக்குவார். முதலில் பக்கவாய் எதுவுமில்லாத வெறுங்குழாய் ஒன்றை அளந்தார். பிறகு வந்த துண்டை அளந்தார். இரண்டையும் ஒப்பிட்டார். பெட்டியின் திரையில் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடியது. நல்ல குழாய். கொப்பியில் திகதி, நேரம், வெப்பநிலை, மழை உண்டா இல்லையா, அளவு என்று எழுதினார். எப்போதும் அப்படித்தான் எழுதுவார். மழைக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று ஒருதரம் ஜீவராணி கேட்டதற்கு, “சம்பந்தம் இருக்கா இல்லையான்னு பிறகுதான தெரியும்” என்றார்.

அடுத்த வாரம் ஆறுமாதக் கடிதம் வந்துவிட்டது. நேரில் வந்து கையெழுத்திடச் சொன்னார்கள். குழாயைத் தாங்கியிலிருந்து இறக்கி, மேசையில் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடிவிட்டுக் கண்டிக்குப் போனார். கையெழுத்திட ஒரு நிமிடமும், கையெழுத்து வாங்குகிறவரைக் கண்டுபிடிக்க மூன்று நாளும் ஆயின.

அந்த மூன்று நாளுக்குள் ஆயுத பூசை வந்து போய்விட்டது.

திரும்பி வந்தபோது ஸ்டோர் கழுவித் துடைத்திருந்தது. ஒன்பது வருடமாக ஒரு கொழுந்தைக்கூட உருட்டாத ரோலர்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ட்ரையருக்கு மாலை. தராசுக்கு மாலை. குழாய்க்கும் மாலை, வெளியே இரண்டு சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். ஆண்டியப்பன் சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றினார், பொட்டைத் துடைத்தார், பழத்தை எடுத்து ரோலர் மேல் வைத்தார். குழாயைப் பழையபடி தாங்கியில் ஏற்றி, பக்கவாய் கீழே பார்க்க நிறுத்தி, கம்பியைக் கட்டி அளந்தார்.

நேராக ஓடின கோட்டில் ஓரிடத்தில் அகலமாக ஒரு குழி விழுந்திருந்தது.

கம்பியை மாற்றினார். ஈயப் பற்றாசு வைத்து ஒட்டிய இடங்களைப் புதுப்பித்தார். வெறுங்குழாயைத் திரும்ப அளந்தார். அது ஒழுங்காக இருந்தது. துண்டைத் திரும்ப அளந்தார், குழி இருந்தது. மறுநாள் பார்த்தால் குழி கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அசையாத இரும்புக்குள் ஏதோ ஒன்று நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றால், திறக்கக்கூடாது என்று தாள் சொல்கிறது. தொலைபேசியில் பேராசிரியரைக் கேட்டார்.

“திறக்கவே வேண்டாம்!” என்றார் ஹேரத். குரலில் பயத்தைவிட மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. “ஆண்டி, நீ என்ன கண்டுபிடித்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது.”

இருபத்தைந்து வருடமாக மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். இரண்டே நாளில் விளக்கமும் தயார்: மலைக்காற்றின் ஈரத்தை உலோகத்தின் தோல் உறிஞ்சிவிட்டு மெல்ல மெல்ல வெளிவிடுகிறது, அதனால் தடங்கல் காலத்தோடு நகர்கிறது. அதற்கு ‘ஹேரத் நகர்வு’ என்று பெயர் வைத்தால் அதிகப்படியாகத் தெரியுமா என்று அடக்கத்துடன் கேட்டார். ஆண்டியப்பன் மழை விவரத்தை எழுதி வைத்திருந்ததை அறிந்தபோது அவருக்குக் கண் கலங்கியதாகச் சொன்னார்.

“நிரந்தரப் பதவிக்கு வெள்ளிக்கிழமை நேர்முகம். உன் பெயரை நானே போட்டிருக்கிறேன். சபையில் நானும் இருக்கிறேன். இதை அளந்தவன் இனித் தற்காலிகமாக இருக்க முடியுமா, சொல்லு. அன்று மாலையே அறிக்கையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.”

ஜீவராணி அன்றைக்கே பிஸ்கட் டின்னைத் துடைத்து வைத்தாள். இனி அதில் பிஸ்கட் போடலாம் என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆண்டியப்பன் கடைசித் தடவையாக அளந்துகொண்டிருந்தார். செல்லசாமி கையில் ஸ்பேனருடனும் ஒரு பனை ஓலைப் பெட்டியுடனும் வந்தார். பெட்டிக்குள் வாடி வதங்கிய எலுமிச்சம்பழங்கள்.

“கொஞ்சம் ஒதுங்கு மாப்ள. ஒன்னோடதயும் எடுத்துர்றேன்.”

“என்னோடது என்ன?”

“எலுமிச்ச. பூசைக்கு வச்சத எட்டாம் நாள் எடுத்து ஆத்துல விடணும்ல.”

“அத நான் அன்னைக்கே எடுத்து அந்தா ரோலர் மேல வச்சேனே.”

“அது வெளிய வச்சது. நான் சொல்லுறது உள்ள வச்சது.”

ஆண்டியப்பன் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மாப்ள இப்படிப் பாக்குற? மிஷினுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. எப்பவும் அப்படித்தான. ரோலருக்கு உள்ள வச்சேன், ட்ரையருக்கு உள்ள வச்சேன். வெளிநாட்டுலயிருந்து வந்த விருந்தாளிய மட்டும் வெறும் வயித்தோட விடச் சொல்றியா?”

“மூடியத் தொறந்தீங்களா?”

“நாலே நாலு நட்டு. தொறந்து, வாய்க்குள்ள வச்சு, உருளாம இருக்கச் சந்தனத்தக் கொழச்சு ஒட்டி, மூடி, பழைய மாதிரியே இறுக்கிட்டேன். ஒரு கீறல் இருந்தாச் சொல்லு. நான் என்ன நேத்து வந்த ஃபிட்டரா?”

அவர் சொன்னது உண்மை. ஒரு கீறல் இல்லை.

மூடியைத் திறந்தார்கள். உள்ளே, மூடியின் நடுவில், தோல் சுருங்கிக் குங்குமத்தோடு ஒரு பழம் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆண்டியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் விளங்கிவிட்டது. பழம் என்பது ஒரு தண்ணீர் உருண்டை. அந்த அளவுத் தண்ணீர் உருண்டை குறிப்பிட்ட ஒரு அலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் குழி. நாளுக்கு நாள் காய்ந்தது; குழி நகர்ந்தது. பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. ஈரம் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது.

“மச்சான், இதால என் வேல போவப்போகுது” என்று சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

செல்லசாமிக்கு விஷயம் முழுக்க விளங்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. விளங்கியதும் பழத்தைச் சட்டென்று எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். “யாரு பாத்தா? ஆத்துல விட்டுர்றேன். நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் வைக்கல. நாளைக்கு நீ நெரந்தரம்.”

“குடுங்க மச்சான்.”

“எதுக்கு?”

“குடுங்க. திரும்ப வச்சு ஒருதடவ அளக்கணும். பிறகு எடுத்துட்டு ஒருதடவ. அப்பத்தான் இதுதான்னு உறுதியாகும்.”

“அடப் பாவி. தூக்குக் கயித்தக்கூட அளந்து பாத்துத்தான் மாட்டுவ போலயே.”

வைத்து அளந்தார்: குழி இருந்தது. எடுத்துத் துடைத்து அளந்தார்: கோடு நேராக ஓடியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, செல்லசாமி கொப்பியில் எழுதினார். ‘காலை 11.40. மழை இல்லை. எலுமிச்சம்பழம் உள்ளே: ஒன்று.’ அடுத்த வரி: ‘பகல் 12.25. மழை இல்லை. எலுமிச்சம்பழம் உள்ளே: இல்லை.’

ஜீவராணிக்கு ஆண்டியப்பன் சோறு சாப்பிடும்போது சொன்னார். அவள் கறிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்த சேர்கிட்ட சொல்லப்போறீங்க.”

“சொல்லாட்டி அந்தக் குழிய நம்பி அங்க கொழாய வெட்டி மாத்துவாங்க ஜீவா.”

“மாத்தட்டும். அவங்க கொழாய். நம்ம பதினோரு வருசம்.” சட்டியைத் திரும்ப எடுத்து அவருக்குக் கறி ஊற்றியபடி, “ஒரு வாரம் பொறுத்துச் சொன்னா என்ன? தாள் கைக்கு வந்த பிறகு?” என்றாள்.

“அப்ப அந்தத் தாளப் பாக்கும்போதெல்லாம் எலுமிச்சம்பழம்தான் தெரியும்.”

“எனக்குத் தாள் மட்டும்தான் தெரியும்” என்றாள் அவள். ஆனாலும் மறுநாள் காலை வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வைத்திருந்தாள். பழத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

நேர்முகத்துக்கு முன்பே ஹேரத்தின் அறைக்குப் போய், கொப்பியையும் பையையும் மேசையில் வைத்தார் ஆண்டியப்பன். பேராசிரியர் கொப்பியை இருமுறை படித்தார். பழத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

“இதை வேறு யாருக்காவது சொன்னாயா?”

“இல்லை சேர். ஆனால் அறிக்கையில் இருக்க வேண்டும்.”

“எலுமிச்சம்பழம் என்று எப்படி எழுதுவது? இலத்தீன் பெயர் போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமா?”

நேர்முக சபையில் நான்கு பேர் இருந்தார்கள். ஹேரத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். பௌதிகவியல் பற்றி யாரும் கேட்கவில்லை. நிருவாகத்துப் பெரியவர் அந்த வெளிநாட்டுத் தாளைக் கையில் வைத்திருந்தார்.

“மூடியைத் திறக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. திறந்தீர்களா?”

“திறந்தேன்.”

“யாருடைய எழுத்துமூல அனுமதியில்?”

“திறந்திருக்காவிட்டால் பழம் உள்ளே இருப்பது தெரிந்திருக்காது, சேர்.”

“அது பிறகு. முதலில் அனுமதி.” குறித்துக்கொண்டார். இன்னொருவர், பல்கலைக்கழகப் பொறுப்பிலுள்ள கருவிக்குள் உணவுப் பொருள் வைப்பது எந்த விதியின் கீழ் வரும் என்று கேட்டார். அது உணவா, வழிபாட்டுப் பொருளா என்பதில் சபை இருபது நிமிடம் பிரிந்து நின்றது. அன்றைக்கு ஆழமாக ஆராயப்பட்ட விஷயம் அதுதான். பிழையை மறைத்திருக்கக்கூடிய ஒருவன் அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது எந்தப் பத்தியின் கீழும் வராததால், யாரும் எழுதவில்லை.

முடிவு திங்கட்கிழமை வந்தது. எழுத்துமூல அறிவுறுத்தலை மீறிக் கருவியைத் திறந்தவர் நிரந்தரப் பதவிக்குப் பொருத்தமற்றவர். எனினும் மனிதாபிமான அடிப்படையில், ஏற்கெனவே கொடுத்த ஆறு மாதங்கள் ரத்துச் செய்யப்படமாட்டாது. ஜீவராணி வாசித்துவிட்டு டின்னுக்குள் போட்டாள். இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை.

சரியான அளவை அனுப்பினார்கள். அந்த ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் பெண் ஒருத்தி பதில் எழுதியிருந்தாள்: மற்ற ஐந்து நாடுகளின் அளவோடு உங்களுடையது ஒத்துப்போகிறது, பழத்தோடு எடுத்த கோட்டை எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறோம், ஒவ்வொரு புதியவருக்கும் முதலில் அதைத்தான் காட்டுகிறோம். கட்டுரை வெளிவந்தபோது நன்றி கூறிய இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. கட்டடம் கொடுத்ததாக, அதைக் கொடுத்ததே அறியாத தோட்டக் கம்பனியின் பெயரும் இருந்தது. ஆண்டியப்பனின் பெயர் இல்லை. ஹேரத் அதற்கு வருந்தினார்; தற்காலிகமானவர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். நான்கு கடிதம். அடுத்த ஆயுத பூசைக்கு, ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த வெறுங்குழாயின் முன் செல்லசாமி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றபோது, “வைங்க மச்சான், ஒரு முழம் தள்ளி” என்று இடம் காட்டியதே அவர்தான். போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஏறி வரும்போது, பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மடியில் அவருடைய கொப்பி இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரிக்கிற நேரத்தில் தபால்காரர் வந்தார். செல்லசாமி பிரித்து வாசித்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“என்னண்ணே?”

“மாப்ளைக்கு இன்னும் ஆறு மாசம் குடுத்திருக்கானுங்க தங்கச்சி.”

ஜீவராணி வாங்கிப் பார்த்தாள். வழக்கமான தாள்தான். கீழே, ஏற்காதவிடத்துக் காரணத்தைக் குறிப்பிடவும் என்று ஒரு கோடு போட்டிருந்தது. பதின்மூன்று வருடத்தில் அந்தக் கோட்டில் யாரும் எதுவும் எழுதியதில்லை.

“எழுதி அனுப்புங்கண்ணே.”

“என்னான்னு எழுத? காலமானார்னா, அமரரானார்னா?”

“அவரு எப்படி எழுதுவாரோ, அப்படி.”

செல்லசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

‘பகல் 1.10. மழை இல்லை. ஆண்டியப்பன் உள்ளே: இல்லை.’